பற்றவைத்த மெட்டி

இரும்பையே உருக்கி ஒட்டுகிறவனுக்கு வெள்ளி எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் கேஸ் வெல்டர். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் வலையோடு தண்ணீரில் கிடக்க, நான் ஒருவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்துக் கரையேறினேன். வேலை கிடைத்தது, கூடவே தலைக்கனமும் கிடைத்தது. நான் பற்றவைத்த குழாயில் ஒரு சொட்டு கசிந்தது என்று யாரும் வந்து நின்றதில்லை. அதை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை மற்றவர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி என் தாய்மாமன் மகள்தான். அதே குப்பம், சின்ன வயதில் ஒன்றாக நண்டு பிடித்தவர்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் அவளுடைய மெட்டி ஒன்று தேய்ந்து முறிந்துவிட்டது. கல்யாணத்தன்று நான் போட்டுவிட்டது. முறிந்ததை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவிழ்த்துக் காட்டினாள்.

"ஞாயித்துக்கெழம பொன்னேரிக்குப் போயி வேற வாங்கினு வந்துடலாமா மாமா?"

"கடைக்கு எதுக்குப் போவணும்? நானே செஞ்சித் தரேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே செய்தாக வேண்டும் என்று எனக்குப் பட்டது.

கடை மெட்டிகள் மேல் எனக்கு முன்பே ஒரு குறை இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இரண்டு முனையும் சேராமல், ஒரு நெல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். எங்கள் ஷாப்பில் எவனாவது இப்படி ஒரு வளையத்தைச் செய்து வைத்தால் போர்மேன் அதை அவன் மேலேயே வீசுவார். பாதி வேலையைச் செய்துவிட்டு முழுக் கூலி வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எத்தனையோ பெண்களின் காலில் பார்த்த அந்த இடைவெளி ஏன் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பத்தர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப்பட்டுக்காரர். தங்கம் பற்றிய சட்டதிட்டங்கள் கெடுபிடியான அறுபதுகளில், வீட்டு நகைப் பட்டறையை அண்ணனிடம் விட்டுவிட்டுச் சம்பள வேலைக்கு வந்தவர். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார முடிகிறது என்பார். என் வயதுதான் அவருக்கும், ஒரு வயது கூடக் குறைய இருக்கலாம். விஷயத்தைச் சொன்னதும், சாப்பாட்டு வேளையில் ஸ்டோருக்குப் பின்பக்கம் வரச் சொன்னார்.

"மொதல்ல ஒக்காரு வெல்டரே. நின்னுக்கினு இருந்தா இந்த வேல வராது."

எனக்கு உட்கார்ந்து வேலை செய்து பழக்கமில்லை. சம்மணம் போட்டதும் முட்டி வலித்தது. மோட்டார் காயிலில் இருந்து உருவிய பழைய செம்புக் கம்பியில் ஒரு முழத்தை என்னிடம் கொடுத்து வளைக்கச் சொன்னார். முறுக்கிக்கொண்டு நின்றது.

"காச்சி தண்ணில போடு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உளியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகிப்போகும். இது எங்களுக்கு முதல் பாடம்.

"அப்புறம் இது ஒடஞ்சி பூடும் பத்தரே."

"போட்டுத்தான் பாரேன் நைனா."

போட்டேன். வெளியே எடுத்தபோது கம்பி வாழைநார் போல வளைந்தது. கற்றுக்கொண்டதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் செம்பு என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வாரங்கள் முழுக்க இதே கதைதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே குறுக்கே வந்து நின்றது. பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு அவரிடம் இருந்தது. கம்பியின் முனையைக் கூராக்கி, தேன்மெழுகு தடவி, ஓட்டையில் நுழைத்துக் குறட்டால் மறுபக்கம் இழுத்தால் கம்பி மெலிந்து நீளும். நான் வெடுக்கென்று இழுத்து அறுத்துக்கொண்டே இருந்தேன். தலைமுடி மாதிரி ஒரு ரம்பம். அதன் பல்லைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அமுக்கி அமுக்கி முறித்தேன்.

"அத்த அமுக்காத. அது பாட்டுக்கு அறுக்கும். நீ கூடப் போனா போதும்," என்பார் பத்தர். ஒருநாளும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதுவே எனக்குச் சில நாள் எரிச்சலாக இருந்தது.

பற்றவைப்புக்கு வந்ததும், இனிமேல் என் ராஜ்ஜியம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஷாப்பிலிருந்து என் கேஸ் டார்ச்சையே கொண்டுபோனேன். செம்பு வளையத்தின் மேல் தீயைக் காட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் வளையம் சுருண்டு ஓர் உருண்டையாக, அடியில் வைத்திருந்த கரிக்கட்டியின் மேல் உட்கார்ந்தது. பத்தர் அதை எடுத்து, ஆறவைத்து, என் சட்டைப் பையில் போட்டார். பிறகு ஒரு சிமினி விளக்கையும் பித்தளை ஊதுகுழலையும் முன்னால் நகர்த்தினார். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு, விடாமல் ஊத வேண்டும். இரண்டு நாள் தலை சுற்றியது. மூன்றாம் நாள் சுடர் நாக்கை நீட்டி நான் காட்டிய இடத்துக்குப் போனது.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான். வெள்ளியை ஒட்டும் பொடி இடைவெளியை நிரப்பாது, சேர்ந்திருப்பதைத்தான் பிடிக்கும். அதனால் முனைகளை அரத்தால் ராவி, சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவ வேண்டும். வெண்காரத்தைக் கல்லில் உரைத்துத் தடவி, பொடியைச் சாமணத்தால் எடுத்து வைத்து, வளையம் முழுவதையும் சூடாக்க வேண்டும். பொடிக்குத் தீ காட்டக் கூடாது. வளையம் காய்ந்தால் பொடி தானாக ஓடும். அது பளிச்சென்று ஒரு கோடாக ஓடி மறைகிற அந்தக் கணத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் செம்பு வளையத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மனைவி கையில் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் மாமா கீது. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கோணலா கீது."

அவள் சொன்னது உண்மை. நான் வளையத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே சகஜமாகிவிட்டேன். அவளும் சிரித்துப் பேசினாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் எதைச் செய்து கொண்டுபோனாலும் அவள் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொன்னாள். என் கைத்திறன் வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முறிந்த மெட்டி, அதன் ஜோடி, அவளுடைய பழைய கொலுசுத் துண்டு ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் பத்தர் உருக்கி வார்த்துக் கொடுத்தார். தட்டிக் கம்பியாக இழுத்தது நான். அதோடு அவர் மச்சான் கல்யாணத்துக்காக விடுமுறையில் பள்ளிப்பட்டு போய்விட்டார். வந்ததும் மெட்டியைச் செய்யலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் பொறுமை ஏது? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டு வாசலில் கடை விரித்துவிட்டேன். அவள் விரலைச் சுற்றி நூல் வைத்து அளந்தேன். கம்பியை வளைத்தேன், முனைகளை ராவினேன், சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பற்றவைத்தேன். புளித் தண்ணீரில் கொதிக்கவைத்து, பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு மெட்டியும் ஆகிவிட்டன. இரண்டிலும் பற்றவைத்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர்கள் விட்டுவைக்கும் அந்த இடைவெளி என் மெட்டியில் இல்லை.

தேங்காய் எண்ணெய் தடவித்தான் விரலில் ஏற்றினேன். விரல் கணுவைத் தாண்டும்போது அவள் முகம் சுருங்கியது.

"சரியா கீதா?"

"ரொம்ப நல்லா கீது மாமா."

அன்றிலிருந்து நான் அடித்த கொட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வரிசை வீட்டுக்காரர்கள், மாமனார், ஊரிலிருந்து வந்த சொந்தம் என்று எல்லோரிடமும் அவள் காலைக் காட்டச் சொல்லி, பற்றவைத்த இடத்தைக் கண்டுபிடி பார்க்கலாம் என்று பந்தயம் கட்டினேன். அவள் சேலைக் கொசுவத்தைத் துளி உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். பத்தர் திரும்பி வந்து எப்படி வந்தது என்று கேட்டபோது, பிரமாதம் என்றேன். இன்னொருவர் மனைவியின் காலைக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர் இல்லை அவர்.

பிறகு அவள் உண்டானாள். ஏழாம் மாதம் பரிசோதனைக்காக, எனக்கு வார விடுமுறையான ஒரு காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். கொஞ்ச நாளாக அவள் குதிகாலை ஊன்றி நடப்பதைப் பார்த்திருந்தேன். வயிற்றுப் பாரம் என்று நினைத்தேன். அங்கே நர்சம்மா அவளைப் படுக்கவைத்துக் காலை அமுக்கிப் பார்த்தவர், சேலையை விலக்கி, என்னைக் கூப்பிட்டார்.

இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. இடது காலின் மெட்டி விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து, மேல்பக்கம் மட்டும் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.

"எத்தினி நாளா இப்பிடி கீது? இங்க அறுக்கற சாமான் இல்ல, இன்னிக்கே இத்த எங்கனா எடுத்தாவணும். இல்லன்னா வெரல எடுக்கற மாதிரி ஆயிடும்," என்றார்.

பஸ்ஸில் வழிநெடுக அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். வாய் இல்லையா, சொல்வதற்கு என்ன கேடு என்றெல்லாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வீட்டில் சோப்புத் தண்ணீர் போட்டு, விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, வலது கால் மெட்டியை எப்படியோ உருவினேன். இடது கால் மெட்டி அசையவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைப் பிடித்திருந்தாள். அரத்தை எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. அறுக்க வேணாம். தானா வீக்கம் வடிஞ்சிடும்."

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் குப்பத்தில் ஆண்கள் தண்ணீரில் இருக்கிற வரைக்கும் பெண்கள் தாலி, மெட்டி, வளையல் எதையும் கழற்ற மாட்டார்கள், தலைகூட வார மாட்டார்கள். இவள் நான் ஷிப்டுக்குப் போவதையே கடலுக்குப் போவதாக நினைத்து, நான் வரும்வரை வீட்டைக்கூடப் பெருக்காமல் இருப்பவள். புருஷன் உயிரோடு இருக்க மெட்டியை அறுப்பதா என்று பயப்படுகிறாள், அவ்வளவுதான்.

"நான் இன்னா கடல்லயா கீறேன்? உன் எதிர்லதான குந்திக்கினு கீறேன். படிக்காத பொம்பளைங்க பேச்செல்லாம் இங்க பேசாத. வெரலு போனா யாரு தருவா உனக்கு?"

 நான் பேசப் பேச அவள் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அரத்தைக் கீழே வைத்தேன். அந்த விரலை அப்படிச் செய்தவன் நான் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தர் வீட்டுக்குப் போனேன்.

அவர் ரம்பத்தையும் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு உடனே வந்தார். முதலில் அவளைப் படுக்கவைத்து, காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி, பானைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, அரைமணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றார். பிறகு குனிந்து விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியில் தேடினார்.

"வாய் எங்க?" என்றார்.

"இன்னா வாய்?"

"மெட்டிக்கு வாய். தொறந்திருக்குமே."

"நான்தான் பத்தவச்சுட்டேனே," என்றேன்.

பத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மெட்டிய யாருனா பத்தவெப்பாங்களா வெல்டரே? பொம்பள காலு தெனம் ஒரே மாதிரியா இருக்கும்? நடந்தா வீங்கும், மாசமா இருந்தா வீங்கும். அதுக்குத்தான் வாய உட்டு வெக்கறது. இது ஊருக்கே தெரியுமேன்னுதான் நான் சொல்லல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அறுத்தாவணும்மா. மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தா, மொதல்ல வெரலுல ஒரு மஞ்சக் கயிறு கட்டிக்கலாம். அதுக்கப்பறம் அறுக்கலாம். எங்க ஊருல அப்பிடித்தான் செய்வாங்க."

"அதெல்லாம் வேணாம்ணே," என்றாள் அவள். "எனக்கு அந்தப் பயம்லாம் இல்ல. எங்க அம்மாவே ரெண்டு தபா கழட்டி மாட்டியிருக்குது. நீங்க அறுங்க."

"அப்பறம் ஏன் என்கிட்ட வேணாம் வேணாம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் பத்தரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கோணலா கீதுன்னு சொன்னதுக்கே ரெண்டு நாளு பேசலண்ணே. இத்தயும் நல்லா இல்லன்னு எப்பிடிச் சொல்றது? போட்ட அன்னிக்கே இறுக்கமாத்தான் இருந்துச்சி. ஊரு பூரா காட்டிக்கினு இருந்தாரு. அவரு கையாலயே அத்த ஒடைக்க வெச்சா, அப்பறம் எத்தினி நாளைக்கி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவாரோன்னுதான்."

அடுத்த வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.  கணவனுக்கு ஆகாது என்று பயந்திருந்தால் அதை மூடநம்பிக்கை என்று சொல்லி ஜெயித்திருப்பேன். இதற்கு என்ன சொல்வது? விரல் அழுகிப்போனாலும் போகட்டும், என் கோபத்துக்கு ஆளாகக் கூடாது என்று ஏழு மாத வயிற்றோடு குதிகாலால் நடந்திருக்கிறாள். அது என்னால் பொறுக்க முடியாத வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பத்தர் பித்தளைத் தகட்டில் எண்ணெய் தடவி, மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் முடி முடியாக நுழைத்தார். பிறகு ரம்பத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே அறு."

"நீங்க அறுங்க பத்தரே. என் கை நடுங்குது."

"நடுங்கறது நின்னதும் அறு. பத்தவச்ச எடத்துலயே அறுத்துடு. அப்பறம் முனைய ராவி வழுவழுன்னு பண்ணிட்டா அதுவே மெட்டி. வேற செய்யத் தேவையில்ல."

குனிந்து பற்றவைத்த இடத்தைத் தேடினேன். எனக்கே தெரியவில்லை. விரலின் அடிப்பக்கத்தில் ஏதோ ஓர் இடத்தில் ரம்பத்தை வைத்தேன். அவள் காலை இழுக்கவில்லை. அமுக்காமல், அது போகிற போக்கில் நானும் போனேன். வெள்ளித் தூள் பாயில் உதிர்ந்தது. அத்தனை வாரம் கற்றுக்கொண்டதில் ஒருமுறைகூட அவ்வளவு பொறுமையாக நான் அறுத்ததில்லை. இரண்டு முறை நிறுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் சொல்வதை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி இழை அறுந்தது. பத்தர் இரண்டு குறடுகளால் முனைகளைப் பிடித்து மெல்ல விரித்து, மெட்டியை எடுத்துவிட்டார். விரலில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊதா கலைந்து சிவப்பு ஏறியது. ரத்தம் ஓட ஓட வலி அப்போதுதான் முழுசாக வந்திருக்கும். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் அவள் விரலைப் பார்க்கவில்லை. பாயில் கையை ஊன்றி நிமிர்ந்து, நான் கோபமாக இருக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.